ரெண்டு இஞ்ச் ஆணி அரைக் கிலோ

(மே 20, உலக அளவியல் நாளை ஒட்டி எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு கணக்கை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, விடுமுறையிலும் மாணவர்களை அழைத்து வந்திருக்கிற தலைமையாசிரியர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என்னை இப்போதே முறைத்துக்கொண்டிருக்கிற என் துணைவியார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் தம்பியை மறந்துவிட்டேன், அவருக்கும் வணக்கம். இந்த அக்கினி நட்சத்திரத்தில் மின்விசிறி இரண்டை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தவர் அவர்தான். அந்தப் பொன்னாடையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறேன், தலைவர் மன்னிக்க வேண்டும். காலையில் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள், வெயில் சதம் அடித்துவிட்டதாம். நூறு பாரன்ஹீட். அதையே செல்சியஸில் 37.8 என்று போட்டால் யாருக்கும் வேர்க்காது. நமக்குச் சதம் அடித்தால்தான் வெயில்.

நான் நாற்பது வருடம் ஹார்டுவேர் கடை நடத்தியவன். எனக்கு முன்னால் அப்பா. கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் அவர் கையால் எழுதி வைத்திருந்த பழமொழி ஒன்று உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. வெள்ளையடிக்கும்போதெல்லாம் அழியும், அடுத்த நாளே மறுபடி எழுதிவிடுவார்.

இன்றைக்கு நான்கு விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். வீடு, நிலம், தங்கம், காய்ச்சல். இந்த நான்கிலும் ஆங்கில அளவும் மெட்ரிக் அளவும் எப்படி ஒரே வீட்டில் ஓரகத்திகளைப் போல இருக்கின்றன என்பதுதான் பேச்சு.

என் கடையில் தினம் பத்துத் தடவை காதில் விழுகிற வாக்கியம், ‘ரெண்டு இஞ்ச் ஆணி அரைக் கிலோ குடுங்க.’ யோசித்துப் பாருங்கள். நீளம் ஆங்கிலத்தில், எடை மெட்ரிக்கில். பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு அடி, கனம் 18 மில்லிமீட்டர். ஒரே பலகை! கேட்கிறவருக்கும் குழப்பமில்லை, கொடுக்கிற எனக்கும் இல்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால் பைப்பில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவர்தான் இதில் மாட்டுவார். ஓர் இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர், அது துல்லியமான கணக்கு. ஆகவே ஒரு இஞ்ச் பைப் வேண்டும் என்றால் 25 எம்எம் கேட்டு வாங்கிப் போவார். சாதாரண பிவிசி பைப்பில் 25 எம்எம் என்பது வெளிச்சுற்றின் அளவு. அது முக்கால் இஞ்ச் பைப். ஒரு இஞ்சுக்கு 32 எம்எம் கேட்டிருக்க வேண்டும். சரி, பாடம் கற்றுக்கொண்டு அடுத்த தடவை வெந்நீர்க் குழாய்க்கு, அந்தக் கிரீம் நிற சிபிவிசிக்கு, 32 கேட்பார். அதிலோ 25 என்றாலே ஒரு இஞ்ச்தான். பிளம்பர் சிரிப்பார், இவர் என்னைத் திட்டுவார்.

கம்பியும் அப்படித்தான். கொத்தனாருக்கு இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல். நாலு நூல் கம்பி என்றால் அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் ஒரு மீட்டர் கம்பி 995 கிராம் நிற்க வேண்டும். இன்று நாலு நூல் என்று கேட்டால் கையில் கொடுப்பது 12 எம்எம், மீட்டருக்கு 888 கிராம். கம்பி எடைக்குத்தான் விற்கிறோம் என்பதால் பணம் நஷ்டமில்லை. ஆனால் அந்த நாள் நாலு நூலையும் இந்த நாள் நாலு நூலையும் ஒன்று என்று எண்ணித் தூண் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு இரும்பைக் குறைத்துப் போடுகிறார். பெயர் மாறவில்லை, பொருள் இளைத்துவிட்டது.

இவ்வளவு தெரிந்த நானே விழுந்த கதையைச் சொல்கிறேன். துணைவியார் ‘வேண்டாம்’ என்று கை காட்டுகிறார். சொல்லத்தான் போகிறேன்.

மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். கூடத்தை ஒட்டிய அறைக்கதவு கறையான் அரித்துப் பொடியாக உதிர்கிறது. சம்பந்தி வீட்டார் வருவதற்குள் மாற்றியாக வேண்டும். நம் ஆசாரி அளந்து, ‘ஏழுக்கு மூணு, மொதலாளி’ என்றார். செய்ய நாளில்லை. நகரத்தில் ஒரு கடைக்குப் போன் போட்டேன், ரெடிமேட் கதவு. ‘ஏழுக்கு மூணு’ என்றேன். ‘இருக்கு சார், ரெண்டாயிரத்து நூறுக்குத் தொள்ளாயிரம், ரெண்டும் ஒண்ணுதான்’ என்றார். ஹார்டுவேர் கடைக்காரன், நானும் ‘ஆமாம், ஒண்ணுதான்’ என்றேன். கல்லாப்பெட்டிக்கு மேலே அப்பாவின் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவு வந்தது. தேக்கு நிறம், பித்தளைப் பிடி, பார்க்க லட்சணம். ஆசாரி நிலையில் நிறுத்தினார். நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி காதிலேயே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: ‘மொதலாளி, கதவு சரியாத்தான் இருக்கு. வாசல்தான் வளந்துருச்சு.’

ஏழடி என்பது 2,133 மில்லிமீட்டர். வந்தது 2,100. மூன்றடி 914, வந்தது 900. பக்கவாட்டில் நாலரை நூல் சந்து. அதை ரீப்பர் அடித்து மறைத்துவிட்டார். உயரத்தில் 33 மில்லிமீட்டர், ஒன்றே கால் இஞ்சுக்கும் மேலே. அதை மேலே விடுவதா, கீழே விடுவதா? நான்தான் பெரிய மேதாவியாக, ‘கீழே விடுங்க, யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க’ என்றேன்.

மனிதர் யாரும் குனிந்து பார்க்கவில்லை. எலி பார்த்தது. அந்த அறையில்தான் சீர்த்தட்டுகளை வைத்திருந்தோம். தாம்பூலம் மாற்றுகிற நேரம், கூடம் நிறைய ஆட்கள், சம்பந்தியின் அண்ணன் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். கதவுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு. பிறகு மீசை. பிறகு வாயில் அதிரசத் துண்டோடு முழு எலியும் வெளியே வந்து, நேராக அவருடைய எட்டு முழ வேட்டிக்குள் நுழையப் பார்த்தது. மனிதருக்கு அறுபது வயது இருக்கும். நாற்காலி மேல் ஏறி நின்ற வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பெண்கள் பக்கம் யாரோ குலவை போட்டுவிட்டார்கள், சுபகாரியம் முடிந்துவிட்டது என்று நினைத்து!

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள், அதோ மாணவர்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பெரியவர் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கதவின் அடியைத்தான் பார்ப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எழுதிய அப்பா, எலியைச் சேர்த்து எழுதவில்லை.

சிரித்தது போதும். இதே பிழை ஆகாயத்திலும் நடந்தது. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம். கனடா அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. கோல் விட்டுப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க அவர்கள் பெருக்கிய எண் பவுண்டுக்கு உரியது, பவுண்டு என்பதோ அரைக் கிலோவுக்கும் குறைவு. பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, நடுவானில் இரண்டு என்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரில் கைவிட்ட விமானத் தளத்தில் வெறும் காற்றில் மிதந்து இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பாருங்கள், அவர்களும் அளந்துதான் போட்டார்கள். எந்தக் கோலால் என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

சரி, நிலம். மீட்டர் பிறந்த கதையும் ஆங்கில அடி நம் மண்ணில் இறங்கிய கதையும் ஏறக்குறைய ஒரே காலம். பிரெஞ்சுக்காரர்கள் 1790களில் டன்கிர்க்கிலிருந்து பார்சலோனா வரை பூமியை அளந்து, அதிலிருந்து ஓர் அளவுகோலைச் செய்தார்கள். 1802 ஏப்ரலில் இங்கே சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி, இருந்த அளவுகோலால் பூமியை அளந்தார். அந்த ஆங்கில அடியின் வாரிசுதான் நம் ஏக்கரும் சென்ட்டும். சென்ட் 435.6 சதுர அடி, சென்னைக்காரர்களின் கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆனால் பட்டாவை எடுத்துப் பாருங்கள், ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஓர் ஏர் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பட்டாவில் 0-12.50 என்று இருப்பதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்து விலை பேசிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 31 சென்ட். மாணவர்கள் இன்றைக்கே வீட்டில் தாத்தாவின் பட்டாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், தலைமையாசிரியர் அனுமதித்தால்.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பவுன் என்பது இங்கிலாந்து ராஜா அல்லது ராணியின் தலை போட்ட காசு, எடை 7.988 கிராம். நாம் எட்டு கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். ஆங்கிலப் பெயர், மெட்ரிக் எடை, தமிழ்நாட்டுக் கல்யாணம். அந்த எட்டு கிராமில் ஒரு குன்றிமணி குறைந்தால் கடையையே புரட்டிப் போட்டுவிடுவோம். நகைக்கடைத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, நாமும் மூச்சுப் பிடித்துப் பார்க்கிறோம்.

இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். செயலாளர் புன்னகைக்கிறார், எங்கே வருவேன் என்று அவருக்குத் தெரியும். போன வருடக் கூட்டத்திலும் வந்தேன்.

நம் வாரச்சந்தையில் ஒரு கிலோ தக்காளி வாங்கி, என் பழைய கடைத் தராசில் வைத்தேன். 870 கிராம். அடுத்த வாரம் வேறொருவரிடம் கத்தரிக்காய், 910. யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சாக்கை விரித்து மேடுபள்ளத்தில் வைத்த தராசு, சார்ஜ் இறங்கிய பேட்டரி, எப்போது முத்திரை வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத தகடு. மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முத்திரையை நாம் கேட்டுப் பார்த்தது உண்டா?

அப்பா காலத்தில் வீசை போய்க் கிலோ வந்தது. 1956இல் சட்டம், 1958 அக்டோபரில் தொடக்கம். வீசை 1,400 கிராம், கிலோ ஆயிரம். அதே விலைக்குக் கிலோவைக் கொடுத்துவிடுவார்களோ என்று சனங்கள் பயந்தார்கள். அதனால் அப்பா பழைய கல்லையும் புதுக் கல்லையும் அருகருகே வைத்து, கேட்டவருக்கெல்லாம் நிறுத்துக் காட்டுவார். நான் சிறு பையன், அந்தக் கல்லைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. அளவு மாறியதில் சனங்களுக்கு வருத்தமில்லை. தங்கள் கண்ணெதிரே நிறுத்துக் காட்ட ஓர் ஆள் இருந்தால் போதும்.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் மல்லிகைப்பூவை முழத்தில் விற்கக்கூடாது. அது பாவம், விட்டுவிடுவோம். பூக்கார அம்மாவின் முழங்கைக்கு எந்த ஆய்வாளர் முத்திரை வைப்பார்? அந்தக் கை நீளமோ குட்டையோ, கண்ணுக்குத் தெரிகிறது. தராசின் வயிற்றுக்குள் இருப்பதுதான் தெரியவில்லை. பெட்ரோல் பங்கில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்ல உரிமை உண்டு. உழவர் சந்தையில் விவசாயிக்குத் தராசே அரசு தருகிறது. நம் வாரச்சந்தைக்கு மட்டும் என்ன குறை? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் பிள்ளைகள், ஐம்பது ரூபாய்த் தக்காளியை அளக்காமல் பையில் போட்டுக்கொண்டு போகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சந்தை வாசலில் ஒரு பொதுத் தராசு. சமதளமாக ஒரு சிமெண்ட் மேடை, இரண்டடி உயரம், அல்லது 60 சென்டிமீட்டர், எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள். பக்கத்தில் முத்திரையிட்ட ஒரு கிலோ கல் ஒன்று. வாங்கியவர் வந்து தன் பையை வைத்துப் பார்க்கட்டும். தராசை நான் வாங்கித் தருகிறேன். முத்திரைக் கட்டணம் வருடா வருடம் வணிகர் சங்கம் கட்டும் என்று செயலாளர் தேநீர்க் கடையில் என்னிடம் ஒப்புக்கொண்டார். இப்போது இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன், மறுக்க முடியாது. கூரையும் மின் இணைப்பும் தலைவர் அம்மா தர வேண்டும்.

காய்ச்சலைப் பற்றிப் பேச நேரமில்லை, நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நூற்றிரண்டு என்றால் டாக்டரிடம் போங்கள், எந்த டிகிரி என்று வாதாட வேண்டாம்.

மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டு வைத்திருக்கிறேன், நீலம் எழுதாது, கறுப்பை எடுங்கள். பக்கத்திலேயே என் கடைத் தராசையும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சந்தைக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்தவர்கள் யாராவது இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் பையை அதில் ஒருமுறை வைத்துவிட்டு வாருங்கள்.