கையெழுத்து இல்லாத உளவுப் படங்கள்

(தண்டையார்பேட்டையில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

தம்பி தங்கைகளே, பின்வரிசையில் நிற்கும் பெரியவர்களே, வணக்கம்.

உளவுப் படம் என்றாலே ஒரு காட்சி வந்துவிடும். வில்லன் போன் பண்ணுவான். அதிகாரி சைகை காட்டுவார், "பேச்சை இழுங்க, இன்னும் கொஞ்ச நேரம்!" கண்டுபிடிக்க ஒரு நொடி இருக்கும்போது லைன் கட் ஆகிவிடும். இது ஒரு காலத்தில் உண்மைதான். பழைய எக்ஸ்சேஞ்சில் அழைப்பை இயந்திர சுவிட்சுகள் படிப்படியாக இணைத்தன. அழைத்தவர் யார் என்று பார்க்க ஊழியர் ரேக் ரேக்காக நடந்து, எந்த சுவிட்ச் எதைப் பிடித்திருக்கிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும். போனை வைத்துவிட்டால் சுவிட்சுகள் விடுபட்டுவிடும், தடமும் போய்விடும்.

இன்று மணி அடிப்பதற்கு முன்பே அழைக்கும் எண் நெட்வொர்க்குக்குத் தெரியும். எந்த டவர், டவரின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கொண்ட கருவி என்று எல்லாம் பதிவாகிவிடும். இந்த அழைப்புப் பதிவுப் பட்டியலைத்தான் சிடிஆர் என்கிறோம். நம் நாட்டு டெலிகாம் கம்பெனிகள் இதைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் உரிம நிபந்தனை. ஆகவே யாரும் யாரையும் துரத்த வேண்டாம். கண்காணிப்பு நடந்து முடிந்து, பதிவு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது. 2013 ஜூனில், அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்டவற்றில் முதலில் வந்த ஆவணம் நினைவிருக்கிறதா? அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்று தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பட்டியலைத் தினமும் அரசிடம் கொடுக்கச் சொன்ன ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. பேச்சை ஒட்டுக் கேட்கும் உத்தரவு அல்ல. வெறும் பட்டியலுக்கே உலகம் அதிர்ந்தது.

இந்தப் பட்டியல் நம் பேட்டையில் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு குற்றம் நடந்தால் 'டவர் டம்ப்' எடுப்பார்கள். சம்பவ இடத்தைத் தொடும் டவர்களில், சொன்ன அரை மணி நேரத்தில் பதிவான எல்லா எண்களும் வரும். முறையாகச் செய்பவர்கள் ஒவ்வொரு கம்பெனி சிம்மோடும் சம்பவ இடத்தில் நின்று, எந்த செல் ஐடி (டவரின் ஒரு பக்கத்துக்கான அடையாள எண்) பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டுதான் கேட்பார்கள். அதைச் செய்யாமல், மேப்பில் பக்கத்தில் தெரியும் டவரை வைத்துக் கேட்டால் பட்டியலே தப்பு. ஏனென்றால் போன் எப்போதும் பக்கத்து டவரைப் பிடிப்பதில்லை. தீபாவளி நேரத்து எம்.சி. ரோட்டில் கூட்டம் அதிகமானால் நெரிசலான டவர் போனை அடுத்ததற்குத் தள்ளிவிடும். காசிமேட்டில் படகில் நிற்பவரின் போனுக்கும் தூரத்து டவருக்கும் நடுவே தண்ணீர்தான், மறைக்கக் கட்டடம் இல்லை. அது தூரத்து டவரைப் பிடித்தாலும் வியப்பில்லை. மேலும் சிடிஆரில் இருப்பது டவரின் முகவரி. ஆளின் முகவரி அல்ல. ஒரு டவர் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பிரிந்திருக்கும், பக்கத்துக்கு 120 டிகிரி. அந்த ஒரு பக்கத்துக்குள் தண்டையார்பேட்டையின் எத்தனை தெரு, எத்தனை குடித்தனம்!

அடுத்து, வேறொரு சம்பவத்தின் பட்டியலை எடுத்து இரண்டிலும் இருக்கும் எண்ணைத் தேடுவார்கள். படத்தில் அந்த எண் வில்லனுடையது. இங்கே அது ஆட்டோ ஓட்டுகிற அண்ணனுடையது, சிலிண்டர் போடுகிற தம்பியுடையது. பிழைப்புக்காகத் தெருத் தெருவாக அலைகிறவர்தான் இரண்டு பட்டியலிலும் வருவார். அதிலும் அவர் வைத்திருக்கும் சிம் மச்சான் பெயரில் இருந்துவிட்டால், நள்ளிரவில் கதவு தட்டப்படுவது மச்சான் வீட்டில். இந்தக் கதையை நம் ஆட்கள் இன்னும் எடுக்கவில்லையே என்பது என் பெரிய ஆதங்கம்.

1974-இல் வந்த அமெரிக்க இயக்குநர் கப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' படத்தில் ஒட்டுக் கேட்பவர் வார்த்தைகளைச் சரியாகவே பதிவு செய்கிறார். அழுத்தம் எந்தச் சொல்லில் விழுந்தது என்பதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார். பதிவு சரி, படிப்பு தப்பு. 50 வருடம் கழித்தும் அந்தப் படம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

சாட்டிலைட் காட்சியை ஒரே வரியில் முடித்துவிடலாம்: தாழ்வான சுற்றுப்பாதையில் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் செயற்கைக்கோள், ஒரு தெருவின் மேல் நின்று ஒரு ஆளைத் தொடர முடியாது. கேமராவை மட்டும் கவனமாகப் பாருங்கள். தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சிசிடிவி தர அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். அப்படியானால் ஏழரை மீட்டர் அகலம்தான் தேறும். கடைக்காரர் ரோடு முழுக்கத் தெரியட்டும் என்று 20 மீட்டருக்கு வைத்தால் ஒரு முகத்துக்குக் கிடைப்பது சுமார் 15 பிக்சல். "ஜூம் பண்ணு, கிளியர் பண்ணு" என்றால் மென்பொருள் யூகித்து நிரப்பும். வருவது வேறொருவன் முகமாக இருக்கலாம். நாலு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் (4 எம்பிபிஎஸ்) பதிவு செய்தால் நாளுக்கு 170 ஜிபிக்கு மேல் ஆகும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டியின் கடிகாரம் தப்பாக ஓடுவது சர்வ சாதாரணம். பதிவை எடுக்கும்போது டிவிஆர் திரையையும் செல்போன் நேரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, வித்தியாசத்தை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து நிமிட வித்தியாசத்தில் நிரபராதி குற்றவாளி ஆகிவிடுவார்.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். உளவுப் படங்களில் கருவி இருக்கும், வேகம் இருக்கும். கையெழுத்து இருக்காது. "அவன் போனை டேப் பண்ணு" என்றால் அடுத்த ஷாட்டில் குரல் கேட்கும். நிஜத்தில் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். 1885 தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு இரண்டே வாசல் வைத்திருந்தது: பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு. 1996-இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைமுறைகளை வகுத்தது. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பர் விதிகளும் உள்ளன. உத்தரவுக்கு ஆயுள் 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180. மாநில மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமைச் செயலர் தலைவர். அதில் நீதிபதி யாரும் இல்லை; அரசு போட்ட உத்தரவை அரசே சரிபார்க்கிறது. இது பெரிய ஓட்டை என்பதே என் கருத்து. பட்டியலுக்கோ இந்த அளவு கட்டுப்பாடுகூட இல்லை. உள்துறைச் செயலர் வரை போகாமல், விசாரணைத் தரப்பின் கடிதத்திலேயே சிடிஆர் வந்துவிடும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீர்கள். பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலை 2 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். லஞ்ச வழக்கு ஒன்றுக்காக மத்திய உள்துறை 2011-இல் போட்ட ஒட்டுக் கேட்பு உத்தரவை ரத்து செய்தார். லஞ்சத்தை விசாரிப்பது பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றார். கேட்டதை மறுஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பு, இப்படித்தான் ஒரு தனிமனிதரின் போன் வரைக்கும் வந்து சேர்கிறது.

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த விதிகளுக்குள்ளேயே ஒரு முடிச்சு கிடக்கிறது. அவசரம் என்றால் ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி உத்தரவிட்டுக் கேட்கத் தொடங்கலாம். 7 வேலை நாளுக்குள் உள்துறைச் செயலரின் ஒப்புதல் வராவிட்டால் நிறுத்தியாக வேண்டும். அதுவரை கேட்டதைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. ஏழாம் நாள் சாயங்காலம், ஹெட்போனில் முக்கியமான பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒப்புதல் வரவில்லை. அந்த அதிகாரி என்ன செய்வார்? இதை எழுதிக்கொண்டு வாருங்கள். சட்டப் பகுதியைச் சரிபார்த்துத் தர நான் தயார்.