எலும்பும் குருதியும் யார் உடைமை?

அவையோர்க்கு வணக்கம். 1897ஆம் ஆண்டு, துருவப் பயணி ராபர்ட் பியரி வடமேற்குக் கிரீன்லாந்திலிருந்து இனுயிட் பழங்குடியினர் ஆறு பேரைக் கப்பலேற்றி, நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து விட்டார். அவர்களில் நால்வர் நோயுற்று விரைவிலேயே மாண்டனர். மாண்டவர்களில் ஒருவர் கிசுக்; அவருடைய மகன் மினிக்குக்கு அப்போது ஏறக்குறைய 7 வயது. தந்தைக்கு அடக்கம் நடந்துவிட்டது என்று அச்சிறுவன் நம்ப வேண்டும் என்பதற்காக, ஆள் நீளத்துக்கு ஒரு மரக்கட்டையைத் துணியில் சுற்றி, அந்தி மங்கும் நேரத்தில் அவன் கண்ணெதிரே ஒரு பொய்ச் சடங்கை நடத்தினார்கள். கிசுக்கின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது; அந்நால்வரின் எலும்புகள் ஊர் திரும்பியது 1993இல்.

இதை அறிந்திருந்தும் பிழையென்று கருதாதவர்களுள், இன உயர்வு தாழ்வுக் கோட்பாட்டை வாழ்நாளெல்லாம் எதிர்த்த மானிடவியலாளர் பிரான்ஸ் போவாசும் ஒருவர் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பழங்குடியினரின் நிலத்தைப் பறித்த அரசு, அம்மக்களை அழிந்துகொண்டிருக்கும் இனம் என்றது. அழியுமுன் சேகரித்துவிட வேண்டும் என்று கல்வியுலகம் பதறியது. பழங்குடியினரின் மண்டையோடுகளைச் சேகரித்து அனுப்புமாறு 1868இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்களுக்கு ஆணையே பிறந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்கள், தங்களிடையே பரவிய நீரிழிவுக்கு விடை கிடைக்கும் என்று நம்பி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் குருதி கொடுத்தார்கள். அக்குருதியைக் கொண்டு மனச்சிதைவு நோய், உள்ளின மணம், முன்னோரின் இடப்பெயர்வு ஆகியவற்றையும் ஆராய்ந்தார்கள். தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அதற்கு எதிரான வாதத்துக்கு அவர்களுடைய குருதியே சான்றாக்கப்பட்டது. வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தபோது, 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடும், எஞ்சிய குருதி மாதிரிகளும் கிடைத்தன.

ஒப்புதல் படிவத்தில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்ற வழக்கம் இங்கே தோற்றுவிட்டது; ஏனெனில், ஒருவர் கொடுத்த குருதி ஊர் முழுவதன் வரலாற்றையும் பேசுகிறது. எனவேதான் கனடாவின் முதற்குடிகள், தங்களைப் பற்றிய தரவுகளின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களுக்கே என்று 1998இல் நெறி வகுத்தனர். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையோ, தங்களிடம் வரும் ஆய்வாளர் புலமை மொழியை விடுத்துத் தெளிவான மொழியில் பேச வேண்டும் என்றும் கேட்கிறது.