வேரா, பேரா?

அவைத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி மண்டபத்தைத் தந்து உதவிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்து என்னைப் பயமுறுத்தும் சித்த மருத்துவர் அவர்களே, அவருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் ஆங்கில மருத்துவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததே பாதி வெற்றி. தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன முறை நான் ஒன்றே கால் மணி நேரம் பேசியும் மறுபடி கூப்பிட்டிருக்கிறாரே, அந்தப் பெருந்தன்மைக்கு!

கீழாநெல்லியைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: ஆதாரம், பாதுகாப்பு, சட்டம்.

அதற்கு முன் ஒரு பழமொழி. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்கிறோம். அது பேர் இல்லை, வேர் என்பார்கள் பெரியவர்கள். ஆயிரம் வேரைப் பிடுங்கிப் பார்த்துப் பழகியவனே வைத்தியன், அவனும் பாதிதான். என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

எனக்குப் பத்து வயது. மாமாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். "வரப்பில் கீழாநெல்லி இருக்கும், பிடுங்கிட்டு வாடா" என்றாள் அப்பத்தா. ஓடினேன். பெருமையோடு கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "இது புளியங்கன்னுடா!" மறுபடி ஓடினேன். இந்த முறை கையெல்லாம் முள் கீறல். வீடு வந்து சேர்வதற்குள் இலை முழுக்க மூடிக்கொண்டது. தொட்டாற்சுருங்கி! மூன்றாவது தடவை கொண்டுவந்ததைப் பார்த்து, "பரவாயில்லை, குடும்பத்துக்குள்ள வந்துட்டே. இது மேலாநெல்லி" என்றாள். அப்புறம் அவளே முந்தானையைச் செருகிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். ஒரு செடியைப் பிடுங்கி, ஈர்க்கைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் கடுகு கடுகாகக் காய் வரிசை கட்டித் தொங்கியது. "காய் கீழே இருக்கு பார், அதான் கீழாநெல்லி." நெல்லிக்காயளவு அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மாமா எழுந்துவிட்டார். எழுந்ததும் முதலில் கேட்டது, "புளியங்கன்னு கொண்டாந்த வைத்தியன் எங்கே?"

சரி, மாமாவைக் காப்பாற்றியது செடிதானா? ஹெபடைடிஸ் ஏ வகை மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் போய்விடும். அப்பத்தா இருந்தால் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

ஆனால் பி வகை அப்படி இல்லை. சிலர் உடம்பில் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, 'லான்செட்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி, வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. இன்றுவரை உறுதியான ஆதாரம் என்று சொல்ல முடியாத நிலைதான்.

ஏன் வரவில்லை? என் சந்தேகம் எப்போதும் செடி மேல்தான். செடி சரியாக இருந்தும் மருந்து வேலை செய்யாமல் போயிருக்கலாம். ஆங்கில மருத்துவர் தலையாட்டுகிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேளுங்கள். தென்னிந்தியாவில் 25 மருந்துச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி வாங்கி மரபணுவை வைத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் கடைகளில் அதே குடும்பத்தின் வேறு செடிகள் இருந்தன. சருகாகிப் பொடிந்தபின் எந்த ஈர்க்கைத் திருப்பிப் பார்ப்பது? வேரைத் தெரியாதவன் கையில் பேர் மட்டும் மிஞ்சுகிறது.

பாதுகாப்புக்கு வருகிறேன். ஆய்வுகளில் பெரிய கெடுதல் பதிவாகவில்லை. ஆனால் அவை சிறியவை, சில வாரம், சில மாதம் நடந்தவை. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் தொடாதீர்கள். பெரிய ஆபத்து செடியில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். மலம் வெளுத்துப் போயிருக்க, மோரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கல் கரையாது. முதலில் இரத்தப் பரிசோதனை. பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைப் பற்றித் தனிக் கூட்டமே போடலாம்.

தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். சட்டம் பாக்கி; அடுத்த முறை. நம் கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். உதிரியாக விற்கும் ஒவ்வொரு மூலிகைப் பொட்டலத்திலும் ஒரு சீட்டு வேண்டும். செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எந்த மாதம் பறித்தது, மூன்றே வரி. கூடவே பள்ளிக்கு ஒரு மூலிகைப் பாத்தி.

வாசலில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பக்கத்தில் மூன்று தொட்டி. எது கீழாநெல்லி என்று காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் தலைவர் ஐயா வருவார். ஐயா, இலையைத் திருப்பிப் பார்க்கலாம், தப்பில்லை.