ஒன்பது நாள் ரோடு ட்ரிப், கடைசில கையில ஒரு காலண்டர் தாள்

வணக்கம் மக்களே. சவுண்ட் வருதா... ஆங், வருது. ட்ரைபாட் கால் ஒண்ணு ட்ரிப்ல உடஞ்சிருச்சு, அதனால புக்க அடுக்கி மேல போன வச்சிருக்கேன், கொஞ்சம் சாஞ்ச மாதிரி தெரிஞ்சா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. எந்த ரூட்டு, எத்தன கிலோமீட்டர், மைலேஜ் எவ்ளோ குடுத்துச்சு அதெல்லாம் போன ரெண்டு வீடியோலயே சொல்லிட்டேன், திரும்ப கமெண்ட்ல கேக்காதீங்க ப்ளீஸ். இது வேற விஷயம். வந்து நாலு நாளாச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

மூணாவது நாளே சார்ஜர் கேபிள் போச்சு. வழியில வாங்குனது ஒட்டிப் புடிச்சாத்தான் ஏறும், அதுல வர்ற சார்ஜ் மேப்புக்கே பத்தல. அதனால நியூஸ் பாக்கவே இல்ல. நானு, காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி நாலு ஆப் தொறந்து பாக்குற ஆளு, அதப் பேசித்தான இந்த சேனலே ஓடுது. கார்ல ரேடியோ மட்டும். மணிக்கு ஒரு தடவ நியூஸ் வாசிப்பாங்க, அஞ்சு நிமிஷம், முடிஞ்சா முடிஞ்சுது, பாட்டு போட்ருவாங்க. மொத ரெண்டு நாள் கை பரபரன்னு இருந்துச்சு, சிக்னல்ல நின்னாக்கூட கை தானா போனத் தேடுது. அப்புறம் பழகிருச்சு.

ஞாயித்துக்கெழம வந்துச்சு. உண்மையச் சொல்லணும்னா பூசைக்குப் போகணும்னு பிளான்லாம் இல்ல, ரோட்டோரமா சின்னதா ஒரு கத்தோலிக்கக் கோயில், மணி அடிக்குது, எனக்கும் முதுகு வலி, சரி கொஞ்ச நேரம் உக்காருவோம்னு போனேன். நாப்பது பேர் இருந்தா ஜாஸ்தி. பாடற்குழுன்னு மூணு பேரு, அதுல ஒருத்தருக்கு சுருதியே சேரல ஆனா அவருதான் சத்தமா பாடுறாரு. பிரசங்கம்... ஃபாதர் மன்னிக்கணும், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.

அப்புறம் விசுவாசிகள் மன்றாட்டு, அதாவது பூசைல மத்தவங்களுக்காக வேண்டிக்கிற நேரம். ஒரு வயசான அம்மா எந்திரிச்சு மெதுவா மைக் கிட்ட வந்தாங்க. நம்ம கோயில்லலாம் எப்படி, அச்சடிச்ச தாள், "உலகில் சமாதானம் நிலவ வேண்டுமென்று"ன்னு ஒரு வரி, எல்லாரும் "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்", முடிஞ்சுது, அடுத்தது. இவங்க கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு ஒரு தாளப் பிரிச்சாங்க. "சூடான் நாட்டில், எல்... எல் ஃபா..." நின்னுட்டாங்க. யாரும் அசையல. திரும்ப ஆரம்பிச்சு "எல் ஃபாஷர் நகரத்தில் தவிக்கிற மக்களுக்காக"ன்னு முழுசா சொல்லி முடிச்சாங்க.

எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா நான் இந்த சேனல்ல இருநூறு வீடியோவுக்கு மேல போட்ருக்கேன், சூடான் பத்தி ஒண்ணு கூட இல்ல. தெரியாமலா? தெரியும். 2023 ஏப்ரல் 15ல ஆரம்பிச்ச சண்டை, ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப்ங்குற துணை ராணுவத்துக்கும், 2021ல ஒண்ணா சேந்து ஆட்சியக் கவுத்த ரெண்டு தளபதிங்கதான் இப்ப எதிரெதிர. வீட்ட விட்டு ஓடுனவங்க மட்டும் ஒரு கோடிக்கு மேல. எல் ஃபாஷர் 500 நாளுக்கு மேல முற்றுகைல கெடந்து 2025 அக்டோபர் 26ல விழுந்துச்சு. எல்லாம் தெரியும், ஆனா வியூஸ் வராதுன்னு விட்டுட்டேன். அவ்ளோதான் காரணம், வேற நல்ல காரணமா ஒண்ணு தேடிப் பாத்தேன், கெடைக்கல.

பூசை முடிஞ்சு அவங்க கிட்ட போய், அம்மா இதெல்லாம் எங்க பாத்தீங்கன்னு கேட்டேன். "எங்க பாக்குறது தம்பி, ரேடியோல சொன்னான், பேரு மறந்துடும்னு எழுதி வச்சேன்"னாங்க. அப்புறம் அவங்களே, "பக்கீத்தா அம்மா ஊருப்பக்கம்ல அது"ன்னாங்க. எனக்கு அது கூட ஓடல பாருங்க. புனித ஜோசபின் பக்கீத்தா, 1869 வாக்குல சூடான்ல இருக்குற தார்ஃபூர்ல பொறந்தவங்க, சின்னப் புள்ளையா இருக்கும்போதே கடத்திட்டுப் போய் அடிமையா வித்துட்டாங்க. அந்த அதிர்ச்சில சொந்தப் பேரே மறந்துபோச்சு, பக்கீத்தாங்குறது புடிச்சிட்டுப் போனவன் வச்ச பேரு, அரபில அதுக்கு அதிர்ஷ்டசாலின்னு அர்த்தமாம், கொடுமையப் பாருங்க. 2000ல புனிதர் பட்டம் குடுத்தாங்க, பிப்ரவரி 8 திருநாள். எல் ஃபாஷரும் அதே தார்ஃபூர்லதான் இருக்கு.

இதுல நம்ம பங்கு, அதாவது எங்க ஊர் கோயிலோட வாட்ஸ்அப் குரூப் கதையும் சொல்லணும். அதுல இருந்து ஆறு மாசம் முன்னாடி கோவிச்சுட்டு வெளிய வந்தேன். காஸா பத்தி ஒருத்தரு ஒண்ணு போட, நான் ஒண்ணு போட, ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை, மறுநாள் காலைல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல, சமாதானம் சொல்லக் கையக் குடுக்கும்போது மூஞ்சியப் பாக்கல. அவர மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், நான் டைப் பண்ணதும் லேசுப்பட்டது இல்ல. அதே நேரத்துல அங்க உண்மையிலேயே ஒரு பங்குக் கோயில் இருக்கு, காஸால இருக்குற ஒரே கத்தோலிக்கக் கோயில், திருக்குடும்பக் கோயில். போப் பிரான்சிஸ் 2023 அக்டோபர்ல இருந்து கிட்டத்தட்ட தெனமும் சாயந்தரம் அங்க போன் போட்டு, என்ன சாப்டீங்கன்னு கேப்பாராம். 2025 ஏப்ரல் 21ல இறந்தாரு, ரெண்டு நாள் முன்னாடி சனிக்கெழம கூட பேசியிருக்காரு. நாங்க ரெண்டு பேரும் அத்தன மெசேஜ் போட்டோமே, அந்தக் கோயில் பேரு ஒரு தடவ கூட அதுல வரல. நேத்து பழைய சாட்ட தேடியே பாத்துட்டேன்.

கோயில்ல அரசியல் பேசலாமா கூடாதான்னு கேட்டா, பேசலாம்னுதான் நான் சொல்லுவேன், பேசாம இருந்தா இன்னும் மோசம். ஆனா நான் பேசுன மாதிரி இல்ல.

இதோ அந்தத் தாள். கேட்டேன், குடுத்துட்டாங்க. ஃபோகஸ் ஆகுதா? கிழிச்ச நாள்காலண்டர் தாளோட பின்பக்கம், பென்சில்ல எழுதியிருக்கு. இங்க பாருங்க, எல், அப்புறம் ஒரு கோடு, ஃபா, ஒரு கோடு, ஷர். அடிச்சு அடிச்சு மூணு தடவ எழுதிப் பாத்திருக்காங்க.

வர்ற ஞாயிறு எங்க பங்குல மன்றாட்டு வாசிக்க என் பேரக் குடுத்திருக்கேன். ஃபாதர் எழுதிட்டு வா, ரெண்டு வரிக்கு மேல போனா வெட்டிருவேன்னாரு. மொத தடவ எழுதுனா பதினோரு வரி, அதுல ரெண்டு வரி நம்ம தம்ப்நெயில் மாதிரியே இருக்கு. அடிச்சுட்டு உக்காந்திருக்கேன். எல் ஃபா... இருங்க, யாரோ பெல் அடிக்கிறாங்க.