அத்தீனாவுக்குப் புத்தாடை

நேயர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத் தெய்வங்கள் என்றதும் ஒலிம்பஸ் மலையும், இடியை ஏந்திய சீயஸும், வெள்ளைப் பளிங்குச் சிலைகளும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இன்று மலையை விட்டுவிட்டு, ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றின் சாமான் அறைக்குள் போவோம். காலம், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு.

தானியமும் எண்ணெயும் வைத்திருக்கும் அந்த அறையில் தனியாக ஒரு ஜாடி இருக்கும். அதன் இரண்டு காதுகளிலும் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றியிருக்கும். உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைப் பழங்கள். வீட்டுச் சொத்தைக் காக்கும் சீயஸ் அங்கே குடியிருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். இடியும் மின்னலும் ஆளும் அதே சீயஸ்தான்! முற்றத்தில் அவருக்கே இன்னொரு பெயரில் ஒரு பலிபீடம். அடுப்பில் அதன் தேவியான ஹெஸ்தியா. பிள்ளை பிறந்து சில நாட்கள் ஆனதும் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவார்கள். அந்தச் சடங்கில்தான் பிள்ளையை வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள்.

வாசலுக்கு ஹெர்மஸ் காவல். சதுரமான கல்தூண், மேலே தாடி வைத்த தலை, நடுவில் ஆண்குறி, மற்றபடி வெறும் கல். கி.மு. 415-இல், சிசிலிமீது படையெடுக்கக் கப்பல்கள் தயாராக இருந்த நேரத்தில், ஒரே இரவில் நகரமெங்கும் இந்தத் தூண்களின் முகங்களை யாரோ சிதைத்துவிட்டார்கள். ஊரே கலங்கிப்போனது. படைக்கு இது கெட்ட சகுனம் என்றார்கள், மக்களாட்சியைக் கவிழ்க்கச் சதி என்றார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், சிலருக்கு மரண தண்டனை. தெருவோரக் கல் அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலேயே தெரிகிறது.

சரி, கலைக்கு வருவோம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு சாண் உயரத்தில் சின்ன வெண்கல உருவம் ஒன்று இருக்கிறது. தீப்ஸ் நகரிலிருந்து கிடைத்தது, கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தது. நீண்ட கழுத்து, முக்கோண முகம். அதன் தொடைகளில் செய்யுளாகவே ஓர் எழுத்துப் பொறிப்பு ஓடுகிறது. மாந்திக்லோஸ் என்பவன் தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, வெள்ளி வில் ஏந்திய அப்போலோவுக்கு இதைக் கொடுத்திருக்கிறான். பதிலுக்கு நீயும் எனக்கு நல்லது ஏதாவது கொடு என்று உரிமையோடு கேட்கவும் செய்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்பதால் நாம் இதைச் சிற்பம் என்கிறோம். அவனுக்கு இது காணிக்கை. கிரேக்கக் கலையில் பெரும்பகுதியை இந்தக் கொடுக்கல் வாங்கலை மறந்துவிட்டுப் பார்த்தால் பாதிதான் புரியும் என்பேன்.

ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலுக்குள் கி.மு. 438-இல் சிற்பி ஃபிடியாஸ் செய்து நிறுத்திய, நகரத்தின் காவல் தேவி அத்தீனாவின் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 12 மீட்டர் உயரம், மேனி தந்தம், ஆடை தங்கம். அந்தத் தங்கம் அக்கால எடைக் கணக்கில் 40 தாலந்து, அதாவது ஒரு டன்னுக்கும் மேல். கழற்றி எடுக்கும்படியே பூட்டியிருந்தார்கள். போர் வந்து முடை ஏற்பட்டால் அதையும் எடுத்துச் செலவழிக்கலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும் என்று நகரத் தலைவர் பெரிக்ளிஸே மக்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அத்தீனாவுக்கு எடுத்த பானதெனையா திருவிழாவில் ஊர் கூடி ஊர்வலமாகக் கொண்டுபோன புத்தாடை இந்தத் தங்க அத்தீனாவுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே ஆலிவ் மரத்தில் செய்த பழைய உருவம் ஒன்று இருந்தது. வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பினார்கள். மாதக்கணக்காகப் பெண்கள் தறியில் நெய்த ஆடை அதற்குத்தான். துணியில் தெய்வங்கள் அசுரர்களை வென்ற போர்க்காட்சி இருக்கும். அந்த மர உருவத்துக்கு ஆண்டுதோறும் நகைகளைக் கழற்றி, ஆடை களைந்து நீராட்டும் விழாவும் உண்டு. அழகில் ஃபிடியாஸின் சிலையை மிஞ்ச எதுவும் இல்லை. பக்தி போனது மரத்துக்கு.

பார்த்தெனானின் மேல்சுவரில் 160 மீட்டர் நீளத்துக்கு ஓடிய புடைப்புச் சிற்பங்களில், கிழக்குப் பக்கத்தின் நடுவில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் துணி மடிக்கிறார்கள். அது இந்தப் புத்தாடைதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இரு பக்கமும் தெய்வங்கள் இருக்கைகளில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். போர்த் தெய்வம் ஏரீஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கால் ஊனமான கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்தோஸ் அக்குளில் கோலை ஊன்றி, பக்கத்தில் இருக்கும் அத்தீனாவின் பக்கம் திரும்பியிருக்கிறார். உட்கார்ந்த தெய்வங்களின் தலையும் நிற்கிற மனிதர்களின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும். எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு மரியாதையையும் இவ்வளவு நெருக்கத்தையும் ஒரே வரிசையில் செதுக்கிய கைகளை எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

துணி மடிக்கும் காட்சி இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதே வரிசையைச் சேர்ந்த பொசைடன், அப்போலோ, ஆர்ட்டெமிஸ் மூவரும் ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் மியூசியத்தில். இரண்டில் எந்த ஊருக்குப் போக வாய்த்தாலும், முதலில் கிழக்குப் பக்கத்துச் சிற்பங்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.