சி மொழியின் சுவிட்சில் எண் வரம்புகள்

வணக்கம். மதிப்பெண் 90 முதல் 100 வரை என்றால் ‘ஏ’, 80 முதல் 89 வரை என்றால் ‘பி’ எனத் தரம் வழங்கும் நிரலைச் சுவிட்ச் கொண்டு எழுதுவோம். ஒரு மதிப்பைக் கேஸ் வரிகளோடு ஒப்பிட்டு, பொருந்தும் வரிக்குத் தாவும் கட்டளையே சுவிட்ச்.

(திரையில்: கேஸ் 90-100:)

புதிதாகக் கற்பவர்கள் இப்படி எழுதுவது இயல்பு. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் 95 மதிப்பெண் பெற்றவருக்கு ‘ஏ’ கிடைக்காது. நடுவிலுள்ள கோட்டைச் சி மொழி கழித்தல் குறியாகவே கொள்வதால், அந்த வரி -10 என்ற ஒற்றை மதிப்புக்கு உரியதாகிவிடுகிறது. 80-89, 70-79 இரண்டையும் சேர்த்தாலோ இரண்டுமே -9 ஆகி, ஒரே மதிப்பு இருமுறை வருகிறது என்ற பிழைச்செய்தி தோன்றும். கேஸ் என்பது நிபந்தனை அன்று. கம்பைல் செய்யும்போதே மதிப்புத் தெரிந்திருக்க வேண்டிய முழு எண் மாறிலி. இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிது.

(திரையில்: கேஸ் 90 ... 100:)

ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இந்த வடிவத்தை நெடுங்காலமாகத் தங்கள் நீட்டிப்பாக அனுமதிக்கின்றன. இரு முனை எண்களும் வரம்பில் அடங்கும். புள்ளிகளின் இருபுறமும் இடைவெளி விடுங்கள். இல்லையேல் கம்பைலர் முழுவதையும் ஒரே எண்ணாகப் படிக்க முயன்று பிழை காட்டும். சி மொழியின் விதிகளை வகுக்கும் தரநிலைகளுள் ஒன்றான சி23-இல் இவ்வசதி இல்லை. அதற்கு அடுத்த தரநிலையின் வரைவில்தான் 2024-இல் இது சேர்க்கப்பட்டது. ஆகவே பல கம்பைலர்களில் இயங்க வேண்டிய நிரலில் இதை நம்பியிருக்க வேண்டாம்.

(திரையில்: சுவிட்ச் (மதிப்பெண் / 10))

முழு எண் வகுத்தலில் பின்னம் நீங்கிவிடுவதால் 80 முதல் 89 வரையுள்ள பத்து எண்களும் 8 ஆகின்றன. ‘ஏ’ தரத்துக்குக் கேஸ் 10, கேஸ் 9 இரண்டையும் நடுவில் பிரேக் (சுவிட்சைவிட்டு வெளியேற்றும் கட்டளை) இல்லாமல் அடுத்தடுத்து எழுதினால் போதும். எங்கும் இயங்கும் இந்த வழியையே நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தவறுதலாக 105 உள்ளிடப்பட்டால் அதுவும் 10 ஆகி ‘ஏ’ பெற்றுவிடும். சி99 தரநிலை முதல் வகுத்தல் சுழியத்தை நோக்கியே வெட்டப்படுவதால் -5 என்பது 0 ஆகி, செல்லாத மதிப்பெண்ணும் செல்லுபடியானதுபோல் நுழைந்துவிடும். எனவே மதிப்பெண் 0 முதல் 100-க்குள் உள்ளதா என்பதைச் சுவிட்சுக்கு முன்பே ஓர் இஃப் கொண்டு சரிபார்ப்பது அவசியம்.

எல்லைகள் 35, 60, 75 என்று சீரற்று அமைந்தாலோ, மதிப்புகள் தசம எண்களாக இருந்தாலோ, இஃப்-எல்ஸ் தொடரே தக்கது. அதை உயர்ந்த எல்லையிலிருந்து கீழ்நோக்கி எழுதுங்கள். 75-க்கு மேற்பட்டவை முதல் வரியிலேயே பிரிந்துவிடுவதால், அடுத்த வரியில் 60 என்ற கீழ் எல்லையை மட்டும் சோதித்தால் போதும்.