ஆறு வளைத்த ஊர்: ஜீஸ் பெண்ட்

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம். அங்கே வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு லாடம்போல் வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் சில நூறு பேர் வாழும் சிற்றூர்தான் ஜீஸ் பெண்ட். அஞ்சல் முகவரியில் அதன் பெயர் பாய்கின். ஊர் மக்கள் கறுப்பின மக்கள். அவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. அது அவர்களுடைய முன்னோரை அடிமைகளாக வைத்திருந்தவரின் பெயர். 1845இல் இந்தப் பருத்திப் பண்ணை மார்க் பெட்வேயின் கைக்கு வந்தது. நூறு பேர் அளவில் அடிமைகளை அவர் வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே இங்கே கொண்டுவந்தார்.

துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த இந்த ஊரின் ஒட்டுப்போர்வைகளை உலகம் அறியும். நான் முதலில் நிலத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த மக்களின் துணிச்சலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்கள் பிறர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுதார்கள். விதைக்கும் உரத்துக்கும் கேம்டன் நகர வணிகர் ஒருவரிடம் கடன். பருத்தி விலை சரிந்தது, கடன் ஏறியது. வணிகர் இறந்தார். 1932இல் அவர் குடும்பத்தார் வசூலுக்கு ஆள் அனுப்பினார்கள். ஏறக்குறைய 60 குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, ஏர், வண்டி, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் போயின. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவால் உயிர் பிழைத்தார்கள்.

அதன்பின் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1937இல் அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கியது. வீடு கட்ட உதவியது. 1940களில் குறைந்த வட்டிக் கடனில் நிலத்தை உழுதவர்களுக்கே விற்றது. இதன் பலன் இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. வாக்குரிமை கேட்ட வாரக்குடிகளைப் பக்கத்து ஊர்களில் நிலக்கிழார்கள் வெளியேற்றினார்கள். ஜீஸ் பெண்ட் மக்களை யார் வெளியேற்ற முடியும்? காலடி மண் அவர்களுடையது!

ஆகவே அவர்கள் வாக்களிப்பதை விரும்பாதவர்கள் வேறு வழியில் அடித்தார்கள். 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வாக்காளர் பதிவு அலுவலகம் அக்கரையில், கேம்டனில். படகில் சில நிமிட வழி, சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் ஆனது. 1965 பிப்ரவரியில் மழை இரவொன்றில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கே வந்து பேசினார். கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்த அந்த மாவட்டத்தில் அதுவரை அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஊரார் பதிவு செய்யப் போனார்கள், சிறைக்கும் போனார்கள்.

இனி போர்வைகள். குளிர் புகும் மரக்குடிசைகளில் சுவரில் செய்தித்தாள் ஒட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். நைந்த கால்சட்டை, மாவு மூட்டைத் துணி, கிடைத்ததையெல்லாம் பெண்கள் ஒட்டுத் தைத்தார்கள். மிசூரி பெட்வே 1942இல் தைத்த போர்வையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கணவர் இறந்ததும் அவர் வயலில் உடுத்திய உடுப்புகளை வெட்டி, மகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு தைத்தார். கணவரின் நினைவை அன்போடு போர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. முழங்கால் பட்டுத் தேய்ந்த இடம் அதில் தேய்ந்தபடியே இருக்கிறது. வெளுத்த நீலம் வெளுத்தபடியே இருக்கிறது. மறைக்க அவர் முயலவில்லை. அந்தத் தேய்மானம்தான் அதில் வண்ணக்கலை.

1966இல் வட்டாரப் பெண்கள் போர்வைத் தையலுக்குக் கூட்டுறவு அமைத்துச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்தப் போர்வைகள் தொங்கின. 2006இல் அவை அஞ்சல் தலைகளாயின.

அதே 2006இல்தான் படகும் திரும்ப வந்தது, 44 ஆண்டு கழித்து. அஞ்சல் தலையைவிட இதைத்தான் நான் பெரிய செய்தி என்பேன். மருத்துவமனையும் நீதிமன்றமும் கடைத்தெருவும் இருக்கிற கேம்டனுக்கு அந்த ஊர் மக்கள் இன்று ஆற்றைக் கடந்தே போய்வருகிறார்கள். 2019 முதல் அந்தப் படகு மின்சாரத்தில் ஓடுகிறது.